நிறுத்தக்குறியால் படம் போட்டால் மாடுலர் டிசைன் வந்துவிடுமா?

கேள்வி, மார்ச் 2

"டிசைன் வகுப்புகளில் புள்ளி, கோடு, அடைப்புக்குறி இவற்றை வைத்துப் படம் போடச் சொல்லி, இதுதான் மாடுலர் டிசைனுக்கு, அதாவது தனித்தனிக் கூறுகளைச் சேர்த்து வடிவமைப்பதற்கு, அரிச்சுவடி என்கிறார்கள். எனக்கென்னவோ இது பிக்சல் ஓவியத்துக்கு இன்னொரு பெயர் என்றுதான் படுகிறது. கட்டம் கட்டமாக நிரப்புவதில் என்ன வடிவமைப்பு இருக்கிறது? வகுப்பில் செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்."

மார்ச் 2, இரவு 10.00

செய்து பார்த்திருக்கிறேன். ஆறு வருடமாக, புதிதாக டிசைன் படிக்க வருகிறவர்களுக்கு முதல் வாரப் பயிற்சியே இதுதான்.

பிக்சல் ஓவியம் இல்லை. பிக்சலுக்கு நிறம் மட்டும்தான் உண்டு, வடிவம் கிடையாது. குறிக்கு வடிவம் உண்டு, அதை நாம் மாற்ற முடியாது, இடத்தை மட்டும் மாற்றலாம். ஆஸ்கியில், அதாவது கணினியின் அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுப்பில், அச்சாகும் குறிகள் 95. அந்த 95-ஐ வைத்துக்கொண்டு யானையும் வரையலாம், பாகனையும் வரையலாம். பாகத்தைத் தொடாமல் சேர்க்கையை மட்டும் மாற்றி வேலையை முடிப்பதுதானே மாடுலர்?

முதல் நாள் ஒரு முகத்தின் புகைப்படத்தைக் கொடுத்து, கரிய இடத்துக்கு @, கொஞ்சம் வெளுத்தால் #, அப்புறம் +, கடைசியில் புள்ளி என்று நிரப்பச் சொல்வேன். 1966-இல் பெல் ஆய்வகத்தில் கென் நோல்ட்டனும் லியோன் ஹார்மனும் ஒரு புகைப்படத்தை இப்படித்தான் சின்னச் சின்னக் குறிகளாக மாற்றி, கணினி வழியாகப் பெரிய படமாக்கினார்கள். கிட்டே போனால் குறிகள், தள்ளி நின்றால் உருவம். மாணவர்கள் வாயைப் பிளப்பார்கள். பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

மார்ச் 2, இரவு 10.20

95 என்றேன். அதில் இடைவெளியும் ஒன்று, கண்ணுக்குத் தெரிவது 94தான். ஆனாலும் இடைவெளியைக் கணக்கில் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான படங்களில் அதிகம் செலவாகும் குறி அதுதான்.

மார்ச் 3, காலை

கேள்வி கேட்டவர் திரும்ப ஒரே வரி எழுதியிருக்கிறார்: "அந்த முகத்தில் ஒரு @ எடுத்துவிட்டு # வைத்தால், பக்கத்துக் கட்டத்துக்கு ஏதாவது ஆகுமா?"

ஆகாது.

இதைப் படித்துவிட்டுத் தூக்கம் சரியாக வரவில்லை. அவர் சொல்வது சரி. நிழல் போட்டு வரையும் படத்தில் ஒவ்வொரு கட்டமும் தனித்தீவு. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியவேண்டிய தேவையே இல்லை. @ இருக்கும் இடத்தில் கறுப்புச் சதுரம் வைத்தாலும் தள்ளி நிற்பவர் கண்ணுக்கு அதே முகம்தான். குறியின் வடிவம் அங்கே வேலை பார்க்கவில்லை, கருமை மட்டும்தான் பார்க்கிறது. அப்படியென்றால் அது பிக்சலேதான். நேற்று நான் எழுதியதில் 'பிக்சல் ஓவியம் இல்லை' என்ற பத்தி பாதி சரி, முகத்தோடு பாடம் தொடங்கிவிடும் என்றது முழுக்கத் தப்பு.

ஆறு வருடமாக முதல் நாளை இதில்தான் ஓட்டியிருக்கிறேன். வாயைப் பிளந்தார்கள் என்பதைக் கற்றுக்கொண்டார்கள் என்று எடுத்துக்கொண்டுவிட்டேன் போலிருக்கிறது.

மார்ச் 3, மாலை

ஆனால் கோட்டுப்படம் வேறு. ஒரு பெட்டி போடுங்கள்:

+----+
|    |
+----+

மேலே இருக்கும் ---- எடுத்துவிட்டு ____ வைத்துப் பாருங்கள். கோடு கட்டத்தின் தரையில் போய்ப் படுத்துக்கொள்ளும். மூலையிலிருக்கும் + மட்டும் நடு உயரத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்கும், பிடிக்க ஆளில்லாமல். ஒரு குறியை மாற்றினால் பக்கத்துக் குறி கெடுகிறது. முகத்தில் இது நடக்கவே நடக்காது.

என் மாணவர்கள் இதற்கு 'வாசல்' என்று பெயர் வைத்தார்கள், நானும் அதையே பிடித்துக்கொண்டேன். - குறிக்கு இடப்பக்கம் ஒரு வாசல், வலப்பக்கம் ஒரு வாசல், இரண்டும் நடு உயரத்தில். அடிக்கோட்டுக்கும் இரண்டு வாசல்தான், ஆனால் தரைமட்டத்தில். நிமிர்கோட்டுக்கு மேலும் கீழும். சாய்கோட்டுக்கு மூலைவிட்டமாக. + குறிக்கு நாலு பக்கமும் வாசல், அதனால்தான் பெட்டியின் மூலையில் வைத்தால் இரண்டு வாசல் வெளியே பார்த்துத் திறந்து கிடக்கிறது. உற்றுப் பார்த்தால் மூலையில் முள் முளைத்த மாதிரி இருக்கும். அதற்கு மாற்று இது:

.----.
|    |
'----'

புள்ளி தன் கட்டத்தின் தரையில் உட்காருவதால் கீழே இருக்கும் நிமிர்கோட்டைத் தொடுகிறது. ஒற்றை மேற்கோள் கூரையில் தொங்குவதால் மேலே இருப்பதைத் தொடுகிறது. வாக்கியத்தில் இந்த இரண்டு குறிகளும் என்ன வேலை பார்க்கின்றன என்பது இங்கே செல்லாது. உட்காரும் இடம் மட்டும்தான் கணக்கு.

இதைத்தான் முதல் நாளே சொல்லித்தந்திருக்க வேண்டும்.

மார்ச் 5

வாசல் கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தேன், சுவாரசியமாகப் போனது.

ஒரு கட்டத்துக்கு நாலு பக்கம். ஒவ்வொன்றிலும் வாசல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆக 16 சாத்தியம். எல்லாம் மூடிய வெற்றுக் கட்டம் ஒன்றைக் கழியுங்கள். ஒரே பக்கம் மட்டும் திறந்த முட்டுச்சந்துகள் நாலையும் கழியுங்கள். மிச்சம் 11:

─ │ ┌ ┐ └ ┘ ├ ┤ ┬ ┴ ┼

கோட்டால் பெட்டி, அட்டவணை, வீட்டு வரைபடம் எதைப் போட்டாலும் இந்தப் பதினொன்று போதும். அவசரத்துக்குப் பொறுக்கி எடுத்த கூட்டம் இல்லை இது, கணக்கு போட்டால் தானாக வந்து நிற்கும் எண்.

உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் பெட்டிக்கோடுகளுக்கென்றே 128 இடம் இருக்கிறது. மெல்லிய கோடு, தடித்த கோடு இரண்டையும் கலந்தால் ஒரு பக்கத்துக்கு மூன்று நிலை: இல்லை, மெல்லியது, தடித்தது. மூன்றை நான்கு முறை பெருக்கினால் 81, வெற்றுக் கட்டத்தைக் கழித்தால் 80. அந்த 128-இல் இந்த 80-உம் ஒன்று விடாமல் இருக்கின்றன, முட்டுச்சந்து உட்பட. எண்ணிப் பார்த்தேன்.

ஆனால் இரட்டைக்கோட்டுக் குடும்பத்தில் 29தான். பழைய ஐபிஎம் கணினிக் காலத்திலிருந்து வந்த குடும்பம் அது. அங்கே ஒரு கட்டத்துக்குள் இடமும் வலமும் ஒரே வகையாக இருக்க வேண்டும், மேலும் கீழும் அப்படியே. இடப்பக்கம் ஒற்றைக்கோடாக வந்து வலப்பக்கம் இரட்டையாகப் போகும் குறி கிடையாது. வகுப்பில் யாராவது அட்டவணைக்குள் கோட்டை நடுவில் ஒற்றையிலிருந்து இரட்டைக்கு மாற்ற நினைப்பார்கள். அரைமணி நேரம் தேடுவார்கள். 'இல்லை' என்று நான் சொல்வதே இல்லை. தேடி அலுத்த பிறகுதான் 'கூறுகளின் தொகுப்பு முழுமையானதா' என்று நான் கேட்பது காதில் விழும்.

மார்ச் 6

மேலே ஒருவர் "இது டிசைன் பாடம் இல்லை, பிளம்பிங் பாடம்" என்று எழுதியிருக்கிறார். ஆமாம். எல்போ (மூலையில் திரும்பும் குழாய்) நாலு, டீ (T வடிவ இணைப்பு) நாலு, நாலு வழி ஒன்று, நேர்க்குழாய் இரண்டு. கூட்டினால் 11. பிளம்பரிடம் ஒரு நாள் இருந்தால் என் முதல் வாரம் மிச்சம்.

மார்ச் 8

ரயில் கதையை ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு வகுப்பில் 14 பேர். ஆளுக்கு ஒரு பெட்டி வரையுங்கள், கடைசியில் எல்லாவற்றையும் கோத்து ஒரே ரயில் ஆக்குவோம் என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. மாதிரிக்கு நான் போட்டது இது:

.----.
|[][]|
'()()'

ஒரு மணி நேரம் கழித்துக் கோக்க உட்கார்ந்தால், ரயிலைக் காணோம், காயலான் கடைதான் இருந்தது. ஒருவர் பெட்டி மூன்று வரி உயரம், இன்னொருவருடையது ஏழு. சிலருக்குக் கொக்கி நடுவில், சிலருக்குச் சக்கரத்தை ஒட்டி, ஒருத்தி கூரையிலிருந்தே கொக்கி விட்டிருந்தாள். இரண்டு பேர் கொக்கியே வைக்கவில்லை. "அது சார் வேலை என்று நினைத்தோம்." தனித்தனியாகப் பார்த்தால் அத்தனையும் அழகு.

அடுத்த வகுப்பில் இரண்டே விதி போட்டேன். உயரம் மூன்று வரி. கொக்கி மேலிருந்து இரண்டாவது வரியில், ஒரே ஒரு - குறி. அகலம் உங்கள் இஷ்டம், உள்ளே என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும். கோத்தோம், நின்றது:

.----. .----.
|[][]|-|[][]|
'()()' '()()'

ஒரு பெட்டிக்குள் மீன்தொட்டி, இன்னொன்றில் சிறைக்கம்பி, ஒன்றில் வெறும் நட்சத்திரக் குறிகள். ஆனாலும் ரயில் ரயிலாகவே இருந்தது.

அப்புறம்தான் வம்பு. ஒரு பையன் மாடிப் பெட்டி வேண்டும் என்றான். சரி, உயர விதியை மட்டும் உனக்காகத் தளர்த்துகிறேன் என்றேன். அவன் போட்டது:

.----.
|[][]|
|====|
|[][]|
'()()'

சக்கரம் தண்டவாளத்தில் இருக்க வேண்டும், அதனால் எல்லாப் பெட்டியையும் கீழ்வரியில் சேர்த்து நிறுத்துகிறோம். மேலிருந்து இரண்டாவது வரி என்றால் அவன் கொக்கி மாடி ஜன்னலில் வந்து நிற்கிறது, பக்கத்துப் பெட்டியின் கொக்கியோ கீழே. மூன்று வரிப் பெட்டியில் மேலிருந்து இரண்டும் கீழிருந்து இரண்டும் ஒரே வரி. அதனால் இரண்டில் எதைச் சொல்கிறேன் என்று யோசிக்காமலே சொல்லிவைத்திருக்கிறேன். "கீழிருந்து இரண்டாவது வரி" என்று மாற்றியதும் உயர விதிக்கே வேலை இல்லாமல் போனது. இரண்டு விதி போட்ட இடத்தில் ஒன்று போதும்.

அந்தப் பையன் கேட்காமல் இருந்திருந்தால் நான் இன்னமும் மேலிருந்துதான் எண்ணிக்கொண்டிருப்பேன்.

மார்ச் 9

"விதி போட்டால் கற்பனை செத்துப்போகாதா" என்று ஒருவர். எந்த விதி என்பதைப் பொறுத்தது. ஒரு தடவை அகலமும் ஆறு குறி என்று கட்டிப்போட்டேன். 14 பெட்டியும் ஒரு தாய்ப் பிள்ளைகள். கொக்கியின் உயரம் எல்லோருக்கும் பொது, ஒருவர் இஷ்டத்துக்கு விட முடியாது. அகலம் அவரவர் வீட்டு விவகாரம், அதில் நான் மூக்கை நுழைத்தது தப்பு.

மார்ச் 11

மீன்.

><((('>

இதை விட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியாது. வால் இரண்டு குறி, உடல் மூன்று, தலை இரண்டு. உடலின் ( குறியை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் போடலாம், மீன் நீளும், வாலுக்கும் தலைக்கும் ஒன்றும் ஆகாது. பத்து நிமிடத்தில் எல்லோரும் விலாங்கு வரைந்துவிடுவார்கள்.

அப்புறம் "மீனை இந்தப் பக்கம் திருப்புங்கள்" என்பேன். பாதிப் பேர் குறிகளைக் கடைசியிலிருந்து முதலுக்கு எழுதிவிடுவார்கள்:

>'(((<>

மீன் திரும்பவில்லை, விபத்தில் மாட்டிக்கொண்ட மாதிரி கிடக்கிறது. வரிசையைத் திருப்பினால் மட்டும் போதாது, ஒவ்வொரு குறியையும் கண்ணாடியில் காட்ட வேண்டும்:

<')))><

அடைப்புக்குறிகள், சாய்கோடுகள், சிறிது-பெரிது குறிகள் இவற்றுக்கெல்லாம் கண்ணாடி ஜோடி உண்டு. காற்புள்ளிக்கும் கேள்விக்குறிக்கும் ஆஸ்கியில் இல்லை. கண்ணுக்குக் கேள்விக்குறி வைத்தவன் மீன் ஒரு பக்கம் மட்டும்தான் நீந்தும்.

மார்ச் 11, சற்றுப் பின்

மேலே "தலை இரண்டு குறி" என்றேன். ஒருத்தி ' என்பது கண், அது தலையில் சேராது, தனிக்கூறு என்று வாதாடினாள். கண்ணை மட்டும் மாற்றும் தேவை வருமா என்று கேட்டேன். "தூங்கும் மீன்" என்று சொல்லி அங்கே - வைத்தாள். ஒன்றும் பேச முடியவில்லை. எங்கே வெட்டுவது என்பது மீனைப் பார்த்து வராது, நாளைக்கு எதை மாற்றப் போகிறோம் என்பதைப் பார்த்துத்தான் வரும்.

1972-இல் கணினி அறிஞர் டேவிட் பார்னாஸ் நிரல்களைப் பற்றி எழுதிய கட்டுரையின் சாரமும் இதுதான். சின்ன நிரல் ஒன்றை இரண்டு விதமாகக் கூறுபோட்டு, ஒவ்வொரு மாற்றம் வரும்போதும் எத்தனை கூறுகளைத் தொட வேண்டியிருக்கிறது என்று பார்த்தார். வேலை நடக்கும் வரிசையில் வெட்டாதே, மாறக்கூடிய முடிவு எதுவோ அதை ஒரு கூறுக்குள் ஒளித்துவை என்றார். தூங்கும் மீனை வரைந்தவள் அவரைப் படித்தவள் இல்லை.

மார்ச் 14

வகுப்பில் இதைச் செய்யப் போகிறவர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டவை. சம அகல எழுத்துரு இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள், இடைவெளியும் அடைப்புக்குறியும் ஆளுக்கொரு அகலம் ஆகிவிட்டால் எல்லாம் சரிந்து விழும். சொல்செயலியில் திறந்தால் அது உதவி செய்கிறேன் என்று நேர் மேற்கோளை வளைத்துவிடும், இரண்டு - சேர்ந்தால் ஒரு நீளக்கோடாக்கிவிடும். வரி இடைவெளியைக் கூட்டினால் நிமிர்கோடுகள் துண்டு துண்டாகும், சுவர் எல்லாம் கிராதி ஆகிவிடும். தாவல் (Tab) விசையைத் தொடவே கூடாது.

கட்டம் சதுரம் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தட்டச்சுப் பொறியில் வழக்கமான பெரிய எழுத்து அங்குலத்துக்கு 10, வரி அங்குலத்துக்கு 6. அகலம் 3 என்றால் உயரம் 5. திரையில் ஏறக்குறைய ஒன்றுக்கு இரண்டு. அகலமும் உயரமும் பத்துப் பத்துக் கட்டம் எண்ணி வட்டம் போட்டவருக்கு முட்டை கிடைக்கும்.

இது குறை இல்லையா என்று கேட்பார்கள். குறைதான். ஆனால் தட்டச்சுப் பொறியில் படம் போட்டவர்களுக்கும் இருந்த குறை. 1898-இல் ஃப்ளோரா ஸ்டேசி தட்டச்சுப் பொறியில் போட்ட பட்டாம்பூச்சியை இன்றைக்கும் எடுத்துப் பாருங்கள். அதே பொறி, அதே சில குறிகள்.

மார்ச் 15

நேற்று எழுதியதில் ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். தட்டச்சுப் பொறியில் உருளையை அரை வரி திருப்பலாம், ஒரு குறி மேல் இன்னொரு குறியை அடிக்கலாம், தாளைச் சாய்த்துச் செருகலாம். கட்டம் அங்கே ஒரு வழக்கம்தான், சட்டம் இல்லை. திரையில் சட்டம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்திருக்கக் கூடாது.

மார்ச் 18

நேற்றைய வகுப்பில் நடந்தது. "சக்கரத்தை எல்லாம் {} ஆக்குங்கள்" என்றேன். ஒருவன் கெட்டிக்காரத்தனமாகத் தேடி மாற்றும் வசதியைப் போட்டு () எல்லாவற்றையும் ஒரே அடியில் {} ஆக்கினான். ஜன்னலும் மாறிப்போச்சு. அவன் வட்ட ஜன்னலுக்கும் () தான் வைத்திருந்தான்.

ஒரே குறி இரண்டு வேலை பார்த்தால் சிக்கனம் என்று நான்தான் முந்தின நாள் புகழ்ந்தேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

மார்ச் 20

இதை நினைத்துக்கொண்டே பேருந்தில் வரும்போது தோன்றியது: நம் எழுத்திலேயே இந்தச் சிக்கல் இருக்கிறதே. ௌ என்பதன் வலப்பக்கத் துண்டு ள மாதிரியே இருக்கிறது. கௌ என்று அடிக்க வேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பு, க, ள என்று மூன்றையும் தனித்தனியாக அடித்துக் 'கெள' என்று விட்டுவிடுகிறார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தேடினால் கிடைக்காது. ஜன்னலும் சக்கரமும் ஒரே குறியான அதே கதை.

சரி, எழுத்துக்கே வந்துவிட்டேன். தமிழ் எழுத்து 247 என்கிறோம், 247 தனி வடிவமா இருக்கிறது? கொம்பு, துணைக்கால், இணைக்கொம்பு, புள்ளி என்று துண்டுகள். கொ என்றால் ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால், மூன்றும் தனித்தனி. அங்கே நாம் கச்சிதமான மாடுலர். உகர வரிசைக்கு வந்தால் கதை மாறுகிறது: கு, டு, மு, து, சு ஒவ்வொன்றும் உயிரும் மெய்யும் ஒட்டிப்போன வடிவம், துண்டாகக் கழற்றவே முடியாது. பாதி எழுத்து கூறாகவும் பாதி ஒரே வார்ப்பாகவும் இருக்கும் மொழியில் வளர்ந்துவிட்டு, மாடுலர் என்பது புதுச் சங்கதி மாதிரிப் பேசுகிறோம்.

1978 சீர்திருத்தம் இந்தக் கோணத்தில் பார்த்தால் முழுக்க முழுக்க வடிவமைப்பு முடிவு. ணா, றா, னா மூன்றும், அவற்றின் ஒகர ஓகார வரிசையில் ஆறும், ணை, லை, ளை, னை நாலும், ஆக 13 எழுத்துகளுக்குத் தனி வடிவம் இருந்தது. அவற்றை எடுத்துவிட்டு, மற்ற எழுத்துகள் வாங்கும் அதே துணைக்காலையும் இணைக்கொம்பையுமே கொடுத்தார்கள். பழைய யானைத்துதிக்கை 'லை' அழகாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். என் அப்பா கடைசிவரை அப்படித்தான் எழுதினார்.

மார்ச் 20, இரவு

"அப்படியென்றால் தமிழ் எழுத்தாலேயே படம் போடச் சொல்லலாமே" என்று ஒருவர். போடச் சொன்னேன், இரண்டு வருடம் முன்னால். ட நல்ல மூலை, ப ஒரு கிண்ணம், ஃ மூன்று பழம், ட-வையும் ப-வையும் வைத்து ஒரு ஊரே கட்டலாம். தாளில் கட்டினார்கள். திரையில் வைத்ததும் ஊர் இடிந்தது. ஒரு எழுத்து ஓர் அகலம், இன்னொன்று இரண்டு மடங்கு. கொம்பைத் தனியாக வைத்தால் பக்கத்தில் புள்ளிவட்டம் ஒன்று கூடவே வந்து நிற்கிறது. நமக்குக் கட்டத்துக்குள் அடங்கும் எழுத்துரு இருந்தால் வேறு கதை.

மார்ச் 21

பாட்டின் எழுத்துகளைப் படத்துக்குள் அடைக்கும் சித்திரக்கவியை யாரும் சொல்லவில்லையே என்று பார்த்தேன், சொல்லிவிட்டார்கள். நல்லது. அதிலும் நாகபந்தம் என் கட்சி. பாம்புகள் பின்னிக்கொண்டிருக்கும், உடல் நெடுக ஒவ்வொரு பாம்பிலும் ஒரு பாட்டு ஓடும். இரண்டு உடல் வெட்டிக்கொள்ளும் சந்தியில் ஒரே எழுத்து நிற்கும், அது இரண்டு பாட்டுக்கும் பொருந்த வேண்டும். சந்தியில் இல்லாத எழுத்தைக் கவிஞர் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், யாப்பு தடுக்காத வரைக்கும். சந்தி எழுத்தைத் தொட்டால் இரண்டு பாட்டையும் திருத்தி எழுத வேண்டும். கொக்கியின் உயரம் மாதிரி.

மார்ச் 26

லெகோவைக் கொடுத்தால் இதெல்லாம் தானாக வந்துவிடாதா என்ற கேள்விக்கு. எனக்கு லெகோ பிடிக்கும். எட்டுக் குமிழ்க் கட்டை ஆறு இருந்தால், ஒரே நிறத்தில், 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதுதான் பிரச்சினையும். எதை எதன் மேல் வைத்தாலும் பொருந்தும். 1958-இலேயே இணைப்பை ஒருவர் யோசித்து முடித்துவிட்டார், குழந்தைக்கு யோசிக்க மிச்சம் வைக்கவில்லை.

கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியில் ஒரு வரி நிரல் உண்டு: இரண்டு சாய்கோடுகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து அச்சிடு, திரும்பச் செய். திரை முழுக்க அழகான புதிர்ப்பாதை வரும். 1704-இல் செபாஸ்தியன் த்ருஷே மூலைவிட்டத்தால் இரண்டு நிறமாகப் பிரித்த ஒரே வகைச் சதுர ஓடுகளை நாலு பக்கமும் திருப்பி வைத்துக் கோலாகலமான பரப்புகள் போட்டதும் இந்தச் சாதிதான். தப்பாக வைக்கவே முடியாத கூறுகள். பார்க்க அருமை. முதல் வாரத்தில் காட்டமாட்டேன். முள் முளைத்த மூலையை ஒரு தடவை தானே போட்டுப் பார்த்தவருக்குத்தான் த்ருஷே என்ன சாதித்தார் என்று தெரியும்.

மார்ச் 26, சற்றுப் பின்

"கண்ணை மூடிக்கொண்டு" என்று நான் மேலே சொன்னதற்கு ஒருவர் திருத்தம் போட்டிருக்கிறார், நிரலுக்குக் கண் இல்லையாம். ஏற்றுக்கொள்கிறேன்.

ஏப்ரல் 6

கேள்வி கேட்டவர் தன் வகுப்பில் செய்து பார்த்துவிட்டு வந்திருக்கிறார். முகத்தை விட்டுவிட்டார், நேராக ரயில். கணினி கிடைக்கவில்லை, கட்டம் போட்ட தாளில் பென்சிலால். "நன்றாகப் போனது, ஆனால் மாற்றச் சொன்னால் எல்லோரும் அழித்து அழித்துத் தாள் கிழிந்துவிட்டது. அப்புறம் கட்டத்துக்குள் அடங்காமல் கோட்டை இழுத்துவிடுகிறார்கள்."

பென்சில் இருந்தால் இழுக்கத்தான் செய்வார்கள். பென்சிலைப் பிடுங்கிவிட்டுச் சீட்டு கொடுங்கள். அந்தப் பதினொரு குறியையும் சீட்டாக வெட்டி, ஆளுக்கு ஒரு உறை.

ஏப்ரல் 7

நேற்று ராத்திரி உட்கார்ந்து நானே சீட்டு வெட்டினேன். ஐந்தாவது சீட்டில்தான் உறைத்தது. ┌ சீட்டைக் கால்வட்டம் திருப்பினால் ┐. இன்னும் திருப்பினால் ┘, அப்புறம் └. நாலு டீயும் ஒரே டீ. ─ நிமிர்த்தினால் │. பதினொன்று இல்லை, நாலுதான்: நேர், மூலை, டீ, நாலு வழி. மார்ச் 5-இல் "கணக்கு போட்டால் தானாக வந்து நிற்கும் எண்" என்று பெருமையாக எழுதிவைத்திருக்கிறேன். அது திருப்ப முடியாத எழுத்துக்கான எண். பிளம்பர் கடையில் நாலு வகை எல்போ வைத்து விற்பதில்லை என்பதை ஜோக்கடிக்கும்போதே யோசித்திருக்கலாம்.

கேள்வி கேட்டவருக்கு: நாலு வகை வெட்டினால் போதும். நேர்தான் அதிகம் செலவாகும், அதை மட்டும் இரண்டு மடங்கு வையுங்கள். சீட்டு சதுரமாக இருக்க வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். திரையில் இருக்கும் மாதிரி உயரக் கட்டமாக வெட்டினால் கால்வட்டம் திருப்பும்போது பொருந்தாது, அரைவட்டம் மட்டும்தான் திருப்ப முடியும், அப்போது நாலு போதாது, ஏழு வகை வெட்ட வேண்டியதுதான்.